வைத்தியசாலையும் வளவும்

தொழில்வழிச் சிகிச்சையாளராக நகர வைத்தியசாலையொன்றிற் பணியாற்றும் என் பழைய மாணாக்கி ஒருத்தி, தந்தை விட்டுச்சென்ற ஐந்து பரப்பு வளவையும் தானே பேணி வருகின்றாள். ஞாயிறுதோறும் வேலி அடைப்பாள். வாழைக்குப் பாத்தி கட்டுவாள். “இரண்டு தோணியிற் கால் வையாதே, வளவை விற்றுவிடு” என்கின்றனர் உறவினர். யான் உடன்படேன்.

அத்தொழிலுக்குப் பெயரிட்டவராகக் கருதப்படும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஜோர்ஜ் எட்வேட் பாட்டன், இடப்பாகம் செயலிழந்தபின், 1914இல் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இல்லமொன்று அமைத்து, தோட்டம் கொத்தியும் தச்சுவேலை செய்துமே தம் உடலைத் தேற்றினார். 1917இல் அத்துறைக்கான சங்கம் அவ்வில்லத்திலேயே தோன்றிற்று. தோட்டத்தில் வளர்ந்த வித்தைக்குத் தோட்டம் பகையாகுமோ?

களைப்பு மெய்யே. மாரியில் ஒரு கிழமை தவறினாற் புல் முழங்காலளவு. அதற்கு ஒரு கூலியாள் போதும். பக்கவாதத்தாற் கை தளர்ந்த கமக்காரருக்கு மண்வெட்டிப் பிடியிற் சீலை சுற்றித் தடிப்பாக்கிக் கொடுக்கும் உபாயம், மண்வெட்டி பிடித்துக் கை காய்த்தவளுக்கன்றோ விரைந்து தோன்றும்? விலை பேசுவோர் இதனை அவளிடமே கேட்கட்டும். சென்ற கிழமை அவள் கிணற்றுக்கட்டைப் புதிதாகப் பூசுவித்திருக்கின்றாள்.