பர்த்டேன்னா பாண்டிதானா?

கேங்ல யாருக்காவது பர்த்டேன்னா போதும், "பாண்டி போலாம் மச்சி"ன்னு குரூப்ல மெசேஜ் வந்துடும். திண்டுக்கல்லுல இருந்து சுமார் 300 கிலோமீட்டர். ரூம், வாடகை பைக், சாப்பாடுன்னு ஷேர் எகிறும். உடனே ஒருத்தன் "வீட்ல வேலை இருக்குடா"ம்பான். கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அவனுக்கு மட்டும்தான் வீட்ல வேலை இருக்கும்.

ஊரை முடிவு பண்றதுக்கு முன்னாடி தொகையை முடிவு பண்ணுங்க. கடல்தான் வேணும்னா தூத்துக்குடி இருக்கே! நள்ளிரவு தாண்டி நம்ம ஸ்டேஷன்ல முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா, காலையில அங்க இறங்கலாம். அன்ரிசர்வ்டு டிக்கெட் போதும், ரூமே வேண்டாம். 1713-ல கட்டின பனிமய மாதா கோயிலைப் பார்த்துட்டு, முயல் தீவுப் பக்கம் கடல்ல கால் நனைச்சுட்டு, ராத்திரி ரயில்லயே திரும்பிடலாம். கேக்குக்குப் பதிலா மக்ரூன் வாங்குங்க. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்ளோதான். மூஞ்சில பூச முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

பர்த்டே பாய் தலையில மொத்தச் செலவையும் கட்டுற பழக்கத்தையும் விட்டுடலாம். அப்புறம், குரூப்ல மெசேஜ் போடுறதுக்கு முன்னாடி அந்த 'வீட்ல வேலை' நண்பன்கிட்ட "உனக்கு எம்புட்டு முடியும்?"னு கேளுங்க. தனியா கேளுங்க.