சுஜாதாவோடு முடிந்துவிட்டதா?

மயிலாப்பூர் லஸ் முனையிலோ தி. நகர் பாண்டி பஜாரிலோ புத்தகம் படிக்கிற நாலு பேர் கூடினால், தமிழ் அறிவியல் புனைவைப் பற்றி ஒரே தீர்ப்புதான் காதில் விழும்: அது சுஜாதாவோடு தொடங்கியது, சுஜாதாவோடு முடிந்தது. கேட்க அவருக்குச் சூட்டிய மகுடம் போல இருக்கும். உண்மையில் அவருக்கும் சேர்த்தே இழைக்கும் அநியாயம் இது.

அவருக்கு முன் ஒன்றுமில்லை என்பது முதல் வாதம். பாரதியின் 'ஞானரதம்' நூலாக வந்தது 1910இல். திருவல்லிக்கேணி வீட்டு மாடத்தில் இருப்பவர் மனத்தேரில் ஏறி உபசாந்தி உலகம், கந்தர்வ உலகம் என்று உலகம் உலகமாகப் போய் வருகிறார். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையைப் புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கினார். 1943இல் அவரே எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், பிராட்வே சந்தியில் டிராமில் போவதா நடப்பதா என்று சில்லறைக் கணக்குப் போடும் பிள்ளையிடம் கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிறகு இருவரும் ஹோட்டலில் காபி சாப்பிடுகிறார்கள். பில்லுக்குக் கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு! மாயமும் விந்தையும் நம்ம ஊர்த் தெருவுக்கு ஒட்டாது என்பவர்களுக்கு அந்தக் காபி மேசை ஒன்றே போதும்.

சுஜாதா எழுதியதே இறக்குமதிச் சரக்கு என்று ஒரு பேச்சும் உண்டு. 'என் இனிய இயந்திரா'வில் ஆர்வெல்லின் நிழல் இருப்பது நிஜம். ஆனால் பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும் என்கிற அந்த நாவலின் சட்டம், 1976இன் கட்டாயக் கருத்தடையைக் கண்ட தலைமுறைக்கு லண்டன் விவகாரமாகவா பட்டிருக்கும்? புத்தகம் படித்துக் குறும்பு பேசும் ஜீனோ என்ற இயந்திர நாயும் ஆர்வெல்லிடம் கிடையாது.

அவருக்குப் பின் யாருமில்லை என்பதுதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பில் 'ஐந்தாவது மருந்து' என்றொரு கதை. சித்த மருத்துவத்தில் எய்ட்ஸுக்கு மருந்து தேடப் போய், மருந்தே நோயை வளர்க்கிறதோ என்ற திகிலில் கொண்டு நிறுத்துகிறது. தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' விகடனில் தொடராகவே வந்தது. 2018இல் தொடங்கிய 'அரூ' இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டியே நடத்தியது.

சுதாகர் கஸ்தூரியின் '6174' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தலைப்பு, தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேகர் கண்டுபிடித்த எண். 3524ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையைக் கழித்தால் 3087. அதையே திரும்பச் செய்தால் 8352. இன்னொரு முறை, 6174. அதன்பின் எத்தனை முறை செய்தாலும் அதே எண்தான். இந்தக் கணக்கையும் கடல்கொண்ட லெமூரியாவையும் ஒரே துரத்தலில் முடிச்சுப் போடுகிறது நாவல். பாத்திரங்கள் மனசில் தங்குவதில்லை, விளக்கங்கள் நீளம். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

லெமூரியாவும் நமக்கு அந்நியமில்லை. 1864இல் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் சூட்டிய பெயர் அது. அதை மறைஞானக் கதையாக வளர்த்த பிளாவட்ஸ்கியின் பிரம்மஞான சபை தலைமையகம் அமைத்தது அடையாற்றில். தமிழில் அதுவே குமரிக்கண்டத்தோடு கலந்தது.

பிறகு ஏன் இந்தத் தீர்ப்பு மாறவில்லை? புத்தகக் கடை அடுக்கும் ஒரு காரணம். 'ஞானரதம்' பாரதி வரிசையில் இருக்கும், 'விசும்பு' சிறுகதைகளில், '6174' திகில் நாவல்களில். அறிவியல் புனைவு கேட்டு வருபவரிடம் கடைக்காரர் எடுத்து நீட்டுவது 'என் இனிய இயந்திரா'வை. மற்றவை இரண்டு தட்டு தள்ளி, அதே கடையில்தான் இருக்கின்றன.