நூலை மூடிய பின்னர்



திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறு. டிக்கோயாவில் மழை விட்டும் தூவானம் விடாத காலைப்பொழுது. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் இளைஞர் ஒருவர் ஆலய வாசலில் காத்து நின்றார். உயர் தரம் வரை படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு வீடு வந்திருந்தார். வாழ்வில் வெற்றி பெறும் வழிகளைக் கூறும் நூல் ஒன்று அவர் கையில் இருந்தது.

"சுவாமி, இந்த வருடம் இதுபோல ஐந்து புத்தகம் வாசித்துவிட்டேன். மனிதனின் எண்ணம்தான் அவன் நிலைக்குக் காரணம் என்று இதில் இருக்கிறது. எங்கள் அப்பா முப்பது வருடமாக லயத்திலேயே கிடக்கிறார். அவருடைய எண்ணம் சரியில்லை என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது" என்றார்.

அவர் குரலில் ஆணவம் இல்லை. நோயின் காரணத்தைக் கண்டறிந்துவிட்டவரின் நிம்மதியே இருந்தது. அதுதான் என் உள்ளத்தை வருத்தியது. தன்னை உயர்த்திக்கொள்ள வாசித்த ஒரு பிள்ளை, தன் தந்தையைத் தாழ்த்திப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அன்று அவருக்குத் தகுந்த மறுமொழி கூற என்னால் இயலவில்லை. இன்று அதை உங்கள் அனைவருக்குமாக எழுத விழைகிறேன்; ஏனெனில் இத்தகைய நூல்கள் இன்று நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டன.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். தன்னம்பிக்கை நூல்களை நான் இகழவில்லை. எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’, அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’, ஸ்டீபன் கோவே 1989 இல் எழுதிய ஏழு பழக்கங்கள் பற்றிய நூல் ஆகியவை எத்தனையோ இளம் உள்ளங்களின் அச்சத்தைப் போக்கியிருக்கின்றன. நேரத்தைப் பேணவும், சினத்தை அடக்கவும், எடுத்த காரியத்தை இடையில் கைவிடாதிருக்கவும் ஒருவருக்கு ஒரு நூல் துணைசெய்யுமாயின், அதுவும் இறைவனின் கொடையே. பிறரை வழிநடத்த விரும்புகிறவர் முதலில் தம்மை வழிநடத்தக் கற்க வேண்டும் என்பது நம் ஞானியரும் உரைத்த உண்மையே.

ஆயினும் பாதி உண்மை முழு உண்மையாகிவிடாது. மனம் மாறினால் வாழ்வு மாறும் என்பது உண்மை. அதைத் தலைகீழாகத் திருப்பி, வாழ்வு மாறாதவரெல்லாம் மனம் சரியில்லாதவர் என்று முடிவுகட்டுவது அநீதி. அந்த இளைஞரின் தந்தை பிறப்பதற்கு முன்னரே அவரது நிலையைப் பலர் தீர்மானித்திருந்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. நிலமும் வீடும் வாக்கும் இன்றி வாழ்ந்த ஒரு சமூகத்திடம், ‘உன் எண்ணமே உன் வறுமைக்குக் காரணம்’ என்று கூறுவது, காயம்பட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றவர்களின் பேச்சேயன்றி, நல்ல சமாரியரின் பேச்சன்று.

அப்படியாயின் நமக்கேற்ற நூல் எது? தொலைவில் தேட வேண்டியதில்லை. அருகிலுள்ள ஹற்றன் நகரிலேயே விடை இருக்கிறது.

தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாதிருந்த நாட்களில், புடவை வியாபாரியைப் போல் வேடமிட்டுச் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, ஹற்றனைத் தம் பணித்தளமாக்கிக் கொண்டவர். அவர் எழுதிய நூல்களுள் இரண்டின் தலைப்புகளைக் கேளுங்கள்: ‘நீ மயங்குவதேன்?’, ‘வெற்றியுனதே’. இன்றைய தன்னம்பிக்கை நூல்களின் அட்டையில் இருக்க வேண்டிய தலைப்புகள் அல்லவா இவை! ஆனால் அதே கரம்தான் தொழிலாளர் சட்டங்களை விளக்கும் நூலையும் எழுதியது. 1937 இல் ‘தொழிலாளர் அந்தரப்பிழைப்பு நாடகம்’ எழுதியதும் அதே கரம்தான். சோர்ந்தவனை எழுந்து நிற்கச் சொன்னவர், அவனை விழச் செய்தது எது என்பதையும் அவனுக்குக் காட்டினார். இவ்விரண்டையும் அவர் பிரிக்கவில்லை. நாம்தான் பிரித்துவிட்டோம்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். அன்று நம் தாய்மாருள் பெரும்பாலானோர் எழுத்தறியாதவர். ஆகவே அவர் செய்திகளைப் பாட்டாக்கினார். கூட்டங்களில் தாமே பாடினார். 1940 இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். எழுத்தை அறிந்தவர் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், அறியாதவரின் செவிக்குக் கொண்டுசென்றார். வாசிப்பு என்பது ஒருவர் மட்டும் ஏறிச்செல்லும் ஏணியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உள்ளத்தின் ஆற்றலைப் பற்றி எழுதியவர்களுள் விக்டர் பிராங்கிள் என்னும் வியன்னா நகர மருத்துவரை மறக்கலாகாது. நாசிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு, மனைவியையும் பெற்றோரையும் சகோதரரையும் இழந்து மீண்டவர் அவர். முகாம் அனுபவங்களை நூலாக எழுதி 1946 இல் வெளியிட்டார். எல்லாம் பறிக்கப்பட்ட இடத்திலும், தனக்கு நேர்வதை எவ்வாறு எதிர்கொள்வது என்று தெரிவுசெய்யும் உரிமை மனிதனிடம் எஞ்சியிருக்கும் என்பதே அவரது சாட்சியம். கூர்ந்து நோக்குங்கள்: உள்ளத்தின் உரிமையை அவர் இத்துணை உயர்த்தினார், ஆனால் முகாமில் மாண்டவர்கள் தவறாக எண்ணியதால் மாண்டார்கள் என்று கூறவில்லை. அடைபட்டவரின் மன உறுதியைப் போற்றுவது வேறு. அடைத்தவரின் குற்றத்தை அவர்மீது சுமத்துவது வேறு.

எனவே ஒரு நூல் நமக்கு நன்மை செய்கிறதா என்பதை அறிவது எவ்வாறு? இதற்கு நம் திருச்சபையின் புனிதர் ஒருவர் எளிய வழி காட்டியிருக்கிறார். 1521 ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த லொயோலா இஞ்ஞாசியார், படுக்கையில் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும் கூறும் இரு நூல்களே கிடைத்தன. நாட்கள் செல்லச் செல்ல அவர் ஒன்றைக் கவனித்தார். வீரப் புகழைப் பற்றிய கனவுகள் எண்ணும் வேளையில் இனித்தன. பின்னர் உள்ளத்தை வறட்சியாக விட்டுச் சென்றன. புனிதர்களைப் போல் வாழும் எண்ணமோ, எண்ணி முடித்த பின்னரும் மகிழ்ச்சியாய் நிலைத்து நின்றது. நூலை வாசிக்கும்போது எழும் உற்சாகத்தை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. பின்னர் எஞ்சியிருந்ததையே கொண்டார்.

நாமும் அவ்வாறே நம்மைக் கேட்போம். இந்த நூலை மூடிய பின்னர் என் உள்ளத்தில் எஞ்சியிருப்பது என்ன? இல்லத்தாரிடம் கனிவா, சலிப்பா? செய்ய வேண்டிய ஒரு சிறு கடமையா, பிறர்மீது ஓர் அலட்சியமா? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையே அந்நூலின் தரத்தைக் கூறிவிடும்.

திருத்தந்தை பிரான்சிஸ் தம் மறைவுக்கு முந்திய ஆண்டில், 2024 ஜூலை 17 ஆம் நாளிட்டு, இலக்கியம் நம்மை உருவாக்கும் விதம் பற்றி ஒரு மடல் எழுதினார். குருமாணவருக்கென எழுதத் தொடங்கி, பின்னர் எல்லாக் கிறிஸ்தவருக்கும் பொருந்தும் என விரித்த மடல் அது. கதையும் கவிதையும் வாசிப்பவர் பிறரின் குரலுக்குச் செவிசாய்க்கக் கற்கிறார் என்பது அதன் சாரம். ஆகவே, தன்னை வளர்க்கும் நூல்களின் வரிசையில் நம் மக்களின் கதைகளும் இடம்பெற வேண்டும். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும், 1947 இல் தெரிவான பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார். அவரது ‘வீடற்றவன்’ நாவலை வாசிக்கும் இளைஞர், தம் தந்தையின் மௌனத்தை வேறுவிதமாகக் கேட்பார்.

நம் ஆண்டவரும் வாசித்தார் என்பதை நினைவிற்கொள்வோம். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயா இறைவாக்கினரின் சுருளேட்டை அவர் விரித்து வாசித்த காட்சியை லூக்கா நற்செய்தியாளர் நான்காம் அதிகாரத்தில் தீட்டுகிறார். ஏழைகளும் சிறைப்பட்டோரும் ஒடுக்கப்பட்டோரும் பற்றிய பகுதி அது. வாசித்தபின் சுருளேட்டைச் சுருட்டி ஏவலரிடம் கொடுத்துவிட்டார். வாசித்ததையோ வாழ்வாக்கத் தொடங்கினார். தாம் யார் என்பதை அவர் அந்த ஏட்டில் கண்டார். தாம் யாருக்காக என்பதையும் அங்கேயே கண்டார். நமக்கும் இவ்விரண்டும் சேர்ந்தே கிடைக்கட்டும்.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளைகளே! இல்லத்தில் இதைச் செய்து பாருங்கள். உங்களைச் சீர்ப்படுத்தும் நூல் ஒன்றை எடுத்தால், உங்கள் மக்களை அறியச் செய்யும் நூல் ஒன்றையும் உடன் எடுங்கள். இரவில் செபமாலை முடிந்ததும், கால்மணி நேரம் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேளுங்கள். நாளெல்லாம் கொழுந்து பறித்து வந்த தாய்க்குக் கண் அயரலாம். பரவாயில்லை, பிள்ளையின் குரல் அவர் காதில் விழட்டும். வாசித்ததில் ஒன்றையேனும் மறுநாள் செய்யுங்கள்.

அந்த இளைஞரிடம் அன்று நான் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: "தம்பி, அப்பா காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்?" சற்று யோசித்து, "நாலரைக்கு. பிரட்டுக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை" என்றார். பிறகு அவராகவே, "சம்பளத்தில் முதலில் என் படிப்புச் செலவைத்தான் எடுத்து வைப்பார்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அந்த ஐந்து நூல்களும் கற்பிக்க முயன்ற ஒழுக்கத்தை, அவற்றில் ஒன்றையும் திறவாத ஒருவர் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். பிள்ளை வாசிக்கக் கற்றதே அந்த ஒழுக்கத்தின் கனி.

வாசிப்போம், வளர்வோம். வளர்ந்து நிமிரும்போது, நம்மைத் தோளில் தூக்கி நிறுத்தியவர்களை மறவாதிருப்போம். ஞானத்தின் ஊற்றாகிய இறைவன் உங்கள் இல்லங்களையும், அங்கு விரிக்கப்படும் ஒவ்வோர் ஏட்டையும் ஆசீர்வதிப்பாராக!