குழந்தையின் தைராய்டுக்குத் தனிக் கணக்கு

கொல்லிமலை செம்மேட்டில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மருமகள் மடியில் பத்து நாள் பெண் குழந்தை. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்றாம் நாள் எடுத்த ரத்தமாம்.

"டி.எஸ்.எச். 9-னு இருக்குங்க அக்கா. 4-க்குள்ளே இருக்கணும்னு பக்கத்துலேயே அச்சடிச்சிருக்கே! பிள்ளைக்கு ஏதும் ஆயிடுமாங்க?" என்று கண் கலங்கினாள்.

அச்சில் இருந்தது பெரியவர்களுக்கான அளவு. பச்சைக் குழந்தைக்குக் கணக்கே வேறு. கதகதப்பான கருப்பையிலிருந்து வெளிக் குளிருக்கு வந்ததும், அரை மணிக்குள் டி.எஸ்.எச். 60, 80 என்று துள்ளிவிடும். பிறகு நாளுக்கு நாள் இறங்கும். மூன்றாம் நாளில் 9 என்றால் பயமில்லை. அதையே மூன்று வாரம் கழித்தும் 10-க்கு மேல் நின்றால், டாக்டர் பெரும்பாலும் மருந்து தொடங்கிவிடுவார்.

டி-4 விஷயம் இதற்கு நேர்மாறு. சிசுவுக்கு அது பெரியவர்களைவிட அதிகமாகவே இருக்க வேண்டும். பெரியவர் அளவை வைத்துப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று குறைவைக் கோட்டை விடவும் கூடும். ஆகவே சீட்டைக் காட்டும்போது, "இது என் குழந்தையின் வயசுக்குச் சரியான அளவா டாக்டர்?" என்று கேளுங்கள்.

நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச நாள் காப்பதால், பிறந்தவுடன் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு மஞ்சள் காமாலை நீடிக்கும்; மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் புடைப்பு வரும். சதா தூக்கம். "அழவே அழாது, ரொம்ப சமத்து!" என்று வீட்டில் மெச்சிக்கொள்வோம். அதற்குள் மூளை வளர்ச்சி பின்தங்கிவிடும்.

அறிகுறிக்குக் காத்திராமல் பரிசோதிப்பதே வழி. கனடாவின் கியூபெக்கில் 1970-களிலேயே எல்லாச் சிசுக்களுக்கும் இதைத் தொடங்கிவிட்டார்கள். குதிகாலில் ஒரு குத்து, சில சொட்டு ரத்தம், அவ்வளவுதான். பிறந்து 48 மணி கழித்து, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுப்பது நல்லது. குறைமாதக் குழந்தைக்கு மறுபடியும் பார்க்க வேண்டும்.

கொல்லிமலைச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கீழே பிரசவமானால், 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு திரும்பும் முன்பே, "தைராய்டு பார்த்தாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். முடிவைச் சொல்ல வீட்டு போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

குறை இருந்தாலும் கலங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள். மாத்திரையைப் பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கலந்து தினமும் ஒரே நேரத்தில் புகட்டுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் டானிக்கை அதோடு சேர்க்கக் கூடாது. "பிள்ளைதான் நல்லாயிருக்கே" என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருந்து தொடர்ந்து வேண்டுமா என்பதை மூன்று வயதுக்குப் பிறகு டாக்டர் பார்த்துச் சொல்வார்.