கடை கைமாறினால் பழைய ஆளின் சொல்லையும் கேட்க வேண்டும்

ஒரு கடை கைமாறும்போது சரக்கு, தராசு, குடோன் சாவி, வர வேண்டிய பாக்கி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். பல வருடம் கடையில் நின்று வியாபாரத்தை வளர்த்த ஆளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவர் புதிய முதலாளியிடம், "கடையை மேலே கொண்டுபோக உங்களுக்கு எண்ணம் உண்டா?" என்று கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனமா, உரிமையா? இத்தாலியில் ஒரு கால்பந்து கிளப்பில் நடந்த சங்கதி நமக்கும் பாடம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மிலன் நகரத்து ஏ.சி. மிலன் 1899-ல் தொடங்கிய கிளப். 2017-ல் ஒரு சீன வியாபாரி கடன் வாங்கி அதை விலைக்கு எடுத்தார். கடனைக் கட்ட முடியவில்லை. 2018-ல் கடன் கொடுத்த எலியட் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் கைக்கே கிளப் போயிற்று. அந்த வருடம் நிர்வாகத்துக்கு வந்தவர் பாவ்லோ மால்டினி. அந்தக் கிளப்புக்காக 902 ஆட்டம் ஆடியவர். வேறு கிளப்புக்கு ஆடாதவர். 2019-ல் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார்.

அப்போது கிளப்பில் பெரும் நஷ்டம். 2019-20 கணக்கில் மட்டும் சுமார் 19 கோடியே 50 லட்சம் யூரோ. எனவே மால்டினி விலை பார்த்து வாங்கினார். ரியல் மாட்ரிட்டில் நிலையான இடம் கிடைக்காத தியோ எர்னாண்டஸை அழைத்து வந்தார். 2021-ல் பெயர்பெற்ற கோல்கீப்பர் டொன்னரும்மா ஒப்பந்தம் முடிந்து போனபோது, பிரான்சிலிருந்து மேன்யான் என்பவரைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பினார். 2022 மே மாதம், 11 வருடங்களுக்குப் பிறகு மிலன் இத்தாலிய சாம்பியன் ஆயிற்று.

அதே நேரம் கிளப் மறுபடி கைமாறும் பேச்சு நடந்தது. ரெட்பேர்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 120 கோடி யூரோவுக்கு வாங்க வந்தது. வெற்றி பெற்ற சில நாட்களிலேயே மால்டினி பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தன் ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடிகிறது, யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் முதல் போட்டால் ஐரோப்பாவிலும் போட்டியிடலாம், வெல்லும் எண்ணம் இல்லாத திட்டத்துக்குத் தான் ஏற்ற ஆள் இல்லை என்றும் சொன்னார். கடைசி நாளில்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

மறு வருடம் அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போயிற்று. ஆனாலும் 2023 ஜூன் மாதம் மால்டினியை அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. 3 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கிய டி கெட்டெலாரே என்ற இளைஞர் முதல் வருடம் ஒரு கோல்கூடப் போடவில்லை. முதல் போட்டவனுக்குத்தானே வலி? ஆனால் அதே இளைஞர் அட்டலாண்டா கிளப்புக்குப் போய் நன்றாக ஆடினார். ஒரு கடையில் தேங்கிய சரக்கு இன்னொரு கடையில் விலைபோவதை நாம் பார்த்ததில்லையா? இன்னொன்றும் கவனியுங்கள். 2006-க்குப் பிறகு முதல் தடவையாகக் கிளப் லாபம் காட்டியது 2022-23 கணக்கில். அது மால்டினி இருந்த வருடம். அவர் போன பிறகு, 2024-25-ல் அணி 8-வது இடத்துக்கு இறங்கியது.

நாங்களும் இந்தத் தவறைச் செய்தவர்கள்தான். ஒரு மண்டியை வாங்கியபோது, அங்கே முப்பது வருடம் இருந்த கணக்குப்பிள்ளை மூன்றாம் நாளே சொன்னார்: "மிளகாய்ப் பருவத்தில் தாராளமாகச் சரக்கு இறக்குங்கள் முதலாளி. குடோன் பாதி காலியாகக் கிடந்தால் சில்லறைக் கடைக்காரர் வேறு மண்டிக்குப் போய்விடுவார்." நாலு பேர் முன்னால் சொன்னது எங்களுக்குச் சுட்டது. தீபாவளிக்கு முன்பே கணக்கு முடித்து அனுப்பிவிட்டோம். அடுத்த வருடத்துக்குள் அவர் சொன்னபடியே வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவர்கள் பெயர் எங்கள் பேரேட்டில் இருந்தது. யாருக்கு எந்த மாதம் கடன் வேண்டும், யார் எந்த ரகம் கேட்பார் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆகவே கடை வாங்குகிறவர்களுக்கும், தந்தையிடமிருந்து சாவி வாங்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் யோசனை இதுதான். முதல் வாரத்திலேயே பழைய ஆளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். இந்த வருடம் சரக்குக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பழைய ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: வாடிக்கைக்காரர் முன்னால் முதலாளியைக் கேட்காதீர்கள். உள்ளே கேளுங்கள், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

ஆளை வைப்பதும் அனுப்புவதும் முதலாளியின் உரிமை. அவர் சொல்வதைக் கேட்ட பிறகு அந்த உரிமையைப் பயன்படுத்தினால் நஷ்டம் குறையும். நாங்கள் கேட்கவில்லை, அதற்கு விலை கொடுத்தோம்.