நிறுத்திவிடலாமா இந்த மாத்திரையை?



சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இம்மாத மருத்துவப் பகுதியை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டது. அவருடைய தாயார் மூட்டுவாதத்திற்காக எட்டு மாதங்களாகப் பிரட்னிசலோன் மாத்திரை உண்டு வந்தவர். கல்யாண வீடொன்றில், “அது ஸ்டீராய்டு அல்லவா, எலும்பை அரித்துவிடுமே!” என்று யாரோ சொல்லக் கேட்டு, மறுநாளே நிறுத்திவிட்டார். சில நாட்களுக்குள் கடுஞ்சோர்வு, வாந்தி, எழுந்து நின்றால் மயக்கம். இரத்த அழுத்தம் இறங்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இறையருளால் இப்பொழுது நலம். ஆனால் இதைக் கண்டு அஞ்சிய சகோதரி, தாம் உண்டுவரும் தைராய்டு மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். “இரண்டுமே ஹார்மோன்தானே?” என்பது அவர் வாதம்.

வாதத்தில் பாதி உண்மை. இரண்டும் ஹார்மோன்களே. இரண்டின் வரலாற்றிலும் ஒரே மனிதரின் பெயர் வருகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியல் அறிஞர், 1914 டிசம்பர் 25 அன்று தைராய்டுச் சுரப்பியிலிருந்து தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பின்னர் அட்ரீனல் சுரப்பியை ஆராய்ந்து, கார்டிசோனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரானார். 1948 செப்டம்பரில் அங்கேயே பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தால் நடக்கவியலாதிருந்த 29 வயதுப் பெண்ணுக்கு அதனை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். 1950இல் இவ்விருவருக்கும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் மருந்தை நிறுத்தினால் வாதம் திரும்பியது. அதிக அளவில் தொடர்ந்தால் முகம் உப்பியது. அன்று கண்ட இக்குணம் இன்றும் மாறவில்லை.

சகோதரியின் தாயாருக்கு நேர்ந்தது என்ன? சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கார்டிசாலைச் சுரக்கின்றன. இரத்த அழுத்தம் தாழாமல் காப்பதும், காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை போன்ற வேளைகளில் உடலைத் தாங்குவதும் இதன் வேலை. பிரட்னிசலோன் 5 மில்லிகிராம் என்பது கார்டிசால் 20 மில்லிகிராமுக்கு ஈடானது. அதாவது, சிறியதென்று நாம் எண்ணும் ஒரு மாத்திரையே ஒரு நாள் தேவைக்கு மேற்பட்டது! பக்கத்து வீட்டிலிருந்து நாள்தோறும் சோறு வந்துகொண்டிருந்தால் நம் வீட்டு அடுப்பு அணைந்தே கிடக்கும். திடீரென ஒருநாள் அது நின்றால் வீட்டில் விறகும் இராது, நெருப்பும் இராது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, “வேண்டிய அளவு வந்துகொண்டிருக்கிறது” என்று கண்டு ஏவுவதை நிறுத்திவிடுகிறது. அட்ரீனலும் சுருங்கிப் போகிறது. அது மீண்டும் விழித்தெழச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். ஆகவேதான் மூன்று வாரங்களுக்கு மேல் உண்டவர்களுக்கு மருத்துவர்கள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். கல்யாண வீட்டில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. நெடுநாள் ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும். அக்கவலையை மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்கக் கேட்பதே முறை.

தாம் ஸ்டீராய்டு உண்பதே தெரியாமல் உண்பவர்களும் உண்டு. மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் தரப்படும் பெயரில்லாப் பொட்டலங்களில் அது கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்து, இரண்டு மாதத்தில் முகம் வட்டமாக உப்பினால் ஐயம் கொள்ளுங்கள். அப்பொழுதும் தாமாக நிறுத்தாமல், பொட்டலத்துடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இனி தைராக்ஸின். குறைவாகச் சுரக்கும் சுரப்பிக்குப் பதிலாக நாம் கொடுப்பது இது. இங்கே அடுப்பு ஏற்கெனவே பழுதுபட்டது, மாத்திரையால் அணைந்ததன்று. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்துக் காப்பாற்றிய பெண்மணி, அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். நமக்குக் கடுகளவு மாத்திரை போதுமானதாயிருக்கிறது. இது உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆதலால் நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரியாது. “இது இல்லாமலே நன்றாயிருக்கிறேனே” என்று தோன்றும். சில வாரங்கள் கழித்துச் சோர்வும் மலச்சிக்கலும் உடல் பருமனும் மெல்ல மெல்லத் திரும்பும். கருவுற்ற பெண்கள் நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம். அளவைக் கூட்டவும் நேரிடும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீரும் பசியாறலும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி தேவை.

தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் உண்ணும் கார்பிமசோலின் கதை வேறு. அதை உண்ணும்போது தொண்டைவலியுடன் காய்ச்சல் வந்தால் மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றே இரத்தத்தில் வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். அரிதாக அவை முற்றிலும் குறைந்துவிடுவதுண்டு. ‘நிறுத்தாதே’ என்ற விதிக்கு இது விலக்கு.

ரமளானைப் பற்றியும் சகோதரி கேட்டிருந்தார். தைராக்ஸினை ஸஹர் உணவுக்கு அரைமணி நேரம் முன்போ, இரவில் கடைசி உணவுக்கு மூன்று மணி கழித்து உறங்கும்போதோ உண்ணலாம். நோன்புக்கு அது தடையன்று. தாயாரின் நிலை வேறு. அட்ரீனல் இன்னும் விழிக்காதவருக்கு நோன்பின் பகலில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தாழக்கூடும். பிறை காண்பதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அவருக்கும் உரியது. நோன்பு நோற்றிருக்கும்போது வாந்தியோ மயக்கமோ வந்தால் இஃப்தார் வரை பொறுக்க வேண்டாம்; உடனே நோன்பைத் திறந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். “ஸ்டீராய்டு உண்பவர்” என்று எழுதிய சீட்டு ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கட்டும்.