இலவச ஜிபியைப் பார்த்து ஏமாற வேண்டாம்



புகைப்படங்களைச் சேமிக்க எந்த இணையச் சேவை நல்லது என்று தேடுபவர்கள், எத்தனை ஜிபி இலவசம் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, நாளைக்கு வேண்டாமென்றால் படங்களை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்பதே. இலவசம் நிலைப்பதில்லை. 2013-இல் ஒரு டெராபைட் இடத்தைச் சும்மா தந்த ஃப்ளிக்கர், கைமாறிய பிறகு, 2018-இல், ஆயிரம் படங்களுக்கு மேல் இலவசமில்லை என்று அறிவித்தது. கூகுள் போட்டோஸில் சுருக்கிய படங்களுக்கு இருந்த அளவற்ற இடமும் 2021 ஜூன் 1 முதல் இல்லை; இப்போது கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

கூகுளின் டேக்அவுட் என்ற வசதி வழியாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். இறக்கலாம்தான். ஆனால் நாம் எழுதிச் சேர்த்த குறிப்பும் திருத்திய தேதியும் படத்துக்குள் இல்லாமல் ஜேசன் (JSON) என்ற தனித் தரவுக் கோப்பாக வருகின்றன. அந்தக் கோப்பைப் படிக்காத வேறொரு சேவையில் ஏற்றினால், பாட்டியின் கல்யாணப் படம் ஸ்கேன் செய்த நாளின் கீழ் போய் உட்கார்ந்துவிடும். ஹார்ட் டிஸ்க் போதாதா என்றால், அதுவும் ஒருநாள் பழுதாகும்; இணையச் சேவை, ஹார்ட் டிஸ்க் இரண்டுமே வேண்டும். மாதச் சந்தா எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். சேருவதற்கு முன் பத்துப் படங்களை ஏற்றி, குறிப்பெழுதி, திரும்ப இறக்கிப் பாருங்கள்.